முதலில் கிணறு, பிறகு காணி, கடைசியில்தான் வீடு

போர் முடிந்து, 2009 ஒக்டோபருக்குப் பிறகு இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக்குத் திரும்பிய குடும்பங்களை பஸ் கொண்டுபோய் இறக்கியது பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில்தான். கிராம சேவகர் அட்டையைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். தறப்பாள், கூரைத் தகரம், மண்வெட்டி, கத்தி, ஒரு மூட்டை உலர் உணவு. கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அந்தக் குடும்பம் ‘மீள்குடியேறிவிட்டது’. எண்ணிக்கை அட்டவணையில் ஏறிவிடும்.

பிறகு வளவுக்குப் போய்ப் பார்த்தால் வேலி இல்லை. முற்றம் முழுக்க நாயுண்ணிப் பற்றை. சுவர் நின்றாலும் கூரை இராது; ஓடு, மரம், கதவு நிலை, யன்னல் எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். சிலர் தங்கள் வளவை அடையாளம் பிடித்ததே கிணற்றுக் கட்டை வைத்துத்தான். அந்தக் கிணற்றிலும் வாளியை விட்டு அள்ளிக் குடித்துவிட முடியாது. உள்ளே செத்த மாடு கிடக்கலாம், வெடிபொருள் கிடக்கலாம். மிதிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்து ‘ஓம்’ சொன்ன பிறகு, மெசின் வைத்து இறைத்து, அடிச் சேற்றை அள்ளி, குளோரின் போட்டு, ஊறிவருவதை மறுபடியும் இறைத்து, அதன் பிறகுதான் ஒரு குடம் தண்ணீர். இதற்கே நாட்கணக்கில் ஆகும். வீட்டைப் பற்றி அந்த நாட்களில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

போருக்குப் பிந்திய மீள்கட்டுமானத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. குடும்பங்கள் அந்த ஒழுங்கைப் பட்டறிந்து வைத்திருக்கின்றன: தண்ணீர், காணி, தொழில், பிறகு வீடு. பணம் கொடுப்பவர்களின் ஒழுங்கு வேறு. எண்ணக்கூடியதும் படம் பிடிக்கக்கூடியதும் முன்னால் வரும். வீட்டுக்குத் திறப்பு விழா வைக்கலாம், நாடா வெட்டலாம். காணியின் உரிமைப் பத்திரமான உறுதிக்கு எந்த நாடாவை வெட்டுவது? இலங்கையின் வடக்கில் 2009-க்குப் பிறகு நடந்ததில் பாதிச் சிக்கல் இந்த இரண்டு ஒழுங்குகளும் இடித்துக்கொண்டதால் வந்தது என்பது என் கணிப்பு.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. போரின் கடைசி மாதங்களில் வன்னியிலிருந்து வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ 2,80,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வவுனியா செட்டிகுளத்தில் காட்டை வெட்டி அமைத்த மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். வெளியே போக அனுமதி இல்லை, சுற்றிவர முட்கம்பி. 2009 இறுதியில் ஊர் அனுப்புவது வேகம் பிடித்தது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய முல்லைத்தீவு கேப்பாப்புலவு மக்களின் ஊரில் அப்போது இராணுவம் இருந்தது. அவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பாமல், வேறிடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ‘முகாம் இல்லாத நாடு’ என்ற அறிவிப்புக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் வன்னிச் சனம் மட்டும் இடம்பெயரவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். 70,000-க்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்கள் மேற்குக் கரையிலுள்ள புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருபது வருடம் கழித்தார்கள். அதே 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடியவர்கள் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே, சுன்னாகம், மல்லாகம் பக்கத்து முகாம்களில், தங்கள் ஊரிலிருந்து சில மைல் தூரத்தில், கால் நூற்றாண்டு இருந்தார்கள். 2006-இல் கிழக்கே திருகோணமலையின் சம்பூரிலிருந்து ஓடியவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில். நிவாரண உலகம் இவர்களை இரண்டாகப் பிரித்தது: 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் ‘புதியவர்கள்’, அதற்கு முன் இடம்பெயர்ந்தோர் ‘பழையவர்கள்’. காசும் கவனமும் புதியவர்களுக்கு முதலில் போயின. அவசர நிலையில் அப்படித்தான் செய்ய முடியும் என்று வாதாடலாம். புத்தளத்திலிருந்து திரும்பிய ஒருவருக்கு அந்த வாதத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, அட்டவணைகளுக்குள் அடங்காதது. 1990-இல் ஒரு வளவில் இருந்தது ஒரு குடும்பம். 2010-இல் திரும்புகிறபோது பிள்ளைகள் கலியாணம் முடித்து, அது நாலைந்து குடும்பம். ஆனால் வளவு ஒன்று, உறுதி ஒன்று. யார் திரும்புவது? பலர் பாதி திரும்பினார்கள். தகப்பன் ஊரில் கொட்டில் போட்டுக் காணியைக் காக்க, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பிழைப்பும் புத்தளத்திலேயே இருந்தன. குடும்பப் பதிவை எங்கே வைத்திருப்பது என்பது தனித் தலையிடி. இங்கே பதிந்தால் அங்கே பெயரை வெட்டுவார்கள்.

இனி வீடு. இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டம்தான் வடக்கில் இதுவரை நடந்ததில் பெரியது. 2010-இல் அறிவிப்பு வந்தது. முன்னோடியாக 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். அடுத்து, 2012 ஒக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கி, வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகள். மீதி 4,000 தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்துக்கு. இரண்டாம் கட்டத்தில் முறை மாறியது. ஒப்பந்தக்காரர் இல்லை; ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய், தவணை தவணையாக வங்கியில் விழும், குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டும். அத்திவாரம் முடிந்ததை வந்து பார்த்து அடுத்த தவணை, சுவர் எழும்பியதும் அடுத்தது, கூரைக்கு இன்னொன்று. சுமார் 550 சதுர அடி: இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி, மலகூடம்.

இந்த முறையின் நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தக்காரன் கட்டிய வீட்டில் சுவர் வெடித்தால் யாரைப் போய்க் கேட்பது என்று தெரியாது. தானே கட்டுகிறவன் சீமெந்துக் கலவையைக் கண்ணால் பார்க்கிறான். சாமி அறை எந்தப் பக்கம், குசினி எந்தத் திசை என்று தானே முடிவு செய்கிறான். வடக்கில் இன்று நிற்கும் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒழுகாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

சிக்கல் கணக்கில் இருந்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வளவுகளில் அத்திவாரம் வெட்டினால் மணல் விலை என்ன ஆகும்? மேசன் கூலி? மரம்? எல்லாம் ஏறின, தவணைத் தொகை ஏறவில்லை. கட்டின மட்டத்தைக் காட்டினால்தான் அடுத்த தவணை வரும் என்பதால், நடுவில் விழும் இடைவெளியை நிரப்பக் கைக்காசு வேண்டும். உலர் உணவு நின்று, வயல் இன்னும் விளையாத வீட்டில் கைக்காசு எங்கிருந்து வரும்? தாலிக்கொடி அடகுக்குப் போனது. ஆம்பிளை இருக்கிற வீட்டில் கல் சுமப்பதும் மண் அள்ளுவதும் கூலியில்லாமல் நடந்துவிடும். கணவன் இல்லாத வீட்டில் அதற்கும் காசு. அதாவது, ஒரே 5,50,000 ரூபாயில் ஆகக் குறைந்த வீடு கிடைத்தது ஆகக் கூடுதலாக இழந்தவர்களுக்கு. அதற்கு மேல் அக்கம்பக்கத்துக் கண்ணும் இருக்கிறது: முன்வீட்டில் சீற் போட்டு விறாந்தை இறக்கினால் இந்த வீட்டிலும் ஆசை வரத்தானே செய்யும். இருபது வருடம் கொட்டிலில் இருந்தவர்களிடம் போய் அளவோடு கட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த இடத்தில்தான் மைக்ரோ கடன் நுழைந்தது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 பாதை திறந்ததும் வங்கிக் கிளைகளும் லீசிங் கம்பெனிகளும் கிளிநொச்சியில் வரிசையாக முளைத்தன. பிணை தேவையில்லை, ஐந்து பெண்கள் குழுவாகக் கையெழுத்துப் போட்டால் போதும், வாராவாரம் கட்டினால் சரி. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். கிழமை தவறினால் வசூலுக்கு வருகிறவன் வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018 செப்டெம்பரில் வந்துபோன ஐ.நா. நிபுணர், வட்டி 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். அதே வருடம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. எல்லாக் கடனும் வீட்டால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வருமானம் வரும் முன்பே வீட்டைக் கட்டச் சொன்னதால், வீடு வருமானத்தைத் தின்றது.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. 2015-க்குப் பிறகு வந்த அரசு 65,000 இரும்பு வீடுகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் திட்டத்தை முன்வைத்தது. வன்னி வெயிலில் இரும்புச் சட்டத்து வீடு! ஒன்றின் செலவு கல்வீட்டைவிட மிக அதிகம். உடைந்தால் திருத்த உள்ளூரில் ஆளும் இல்லை, சாமானும் இல்லை. அத்தோடு மேசனுக்கும் தச்சனுக்கும் கல் அரிகிறவனுக்கும் கிடைக்க வேண்டிய கூலி வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போயிருக்கும். எதிர்ப்புக் கிளம்பித் திட்டம் கைவிடப்பட்டது.

வாழ்வாதார உதவி வராமலில்லை. வந்தது, கோழிக்குஞ்சாக. ஆளுக்குப் பத்துக் குஞ்சு, இல்லாவிட்டால் இரண்டு ஆடு, அதுவும் இல்லாவிட்டால் ஒரு தையல் மெசின். ஊருக்குள் நாற்பது தையல் மெசின் வந்தால் யாருக்குத் தைப்பது என்று கேட்க ஆளில்லை. கடற்கரை ஊர்களின் நிலை இன்னும் மோசம். படகும் எஞ்சினும் கொடுத்தார்கள். ஆனால் தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகள் இரவோடிரவாக வந்து வலைகளை அறுத்துக்கொண்டும் கடலடியைச் சுரண்டிக்கொண்டும் போனால் அந்த எஞ்சின் என்ன செய்யும்? இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பாக்கு நீரிணையின் மறுகரையில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இது கசக்கும்தான். வடபகுதி மீனவனின் மீள்குடியேற்றம் அவன் கரையில் மட்டும் முடிகிற விஷயம் இல்லை.

காணிக்கு வருவோம். பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் ஒரு நாள் முழுக்க இருந்தால் ஒரே உரையாடலைப் பல தடவை கேட்கலாம்.

“அம்மா, பெமிட் ஆற்றை பேரிலை?”

“அவற்றை பேரிலைதான்.”

“அவர் எங்கை?”

இதற்கு மறுமொழி வராது. போரின் கடைசி நாட்களில் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தது என்று சிலர் சொல்வார்கள். சிலர் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வன்னியின் பெரும்பகுதி குடியேற்றத் திட்டக் காணி. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம், சனத்தின் வாயில் ‘பெமிட்’. அது கணவன் பெயரில் இருக்கும். அவர் இறந்தால் மனைவிக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை வைத்திருக்கும் உரிமை, மட்டும்தான்; மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். பின்னுரித்தாளர் பெயர் எழுதப்படாவிட்டால் சட்டத்தின் அட்டவணை மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022-இல்தான் இதைத் திருத்தினார்கள். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவிக்கு இந்தச் சட்டத்துக்குள் போகவே வழியில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் காணி மாறும், வங்கிக் கணக்குத் திறக்கும். எடுத்தால் கணவன் இறந்துவிட்டான் என்று தன் கையாலே எழுதிக் கொடுத்ததாகும். பலர் எடுக்க மறுத்தார்கள். 2016-இல் ஒரு நடுவழி வந்தது: ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’. மரணம் என்று சொல்லாமலே காணி, கணக்கு, பிள்ளைகளின் பத்திரங்களைக் கையாள அது வழி விட்டது. நல்ல சட்டம், ஏழு வருடம் பிந்திய சட்டம். அதையும் வாங்க மாட்டோம், ஆளைக் காட்டுங்கள் என்று 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் உட்கார்ந்தார்கள். ஆண்டுகள் ஓடியும் அந்தப் போராட்டம் முடியவில்லை. ஒரு பத்திரம் குறைவதால் மீள்கட்டுமானம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

பத்திரமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983-க்குப் பிறகும் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். முப்பது வருடம் அந்த மண்ணில் வேலை செய்தும் பலரிடம் பெமிட் இல்லை. வீட்டுத் திட்டத்துக்குக் காணி ஆவணம் வேண்டும். ஆவணம் இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் பின்னுக்குப் போகும். புலிகளின் நிர்வாகம் கொடுத்த காணிப் பத்திரங்களை அரசு ஏற்கவில்லை. ஆக, வன்னியில் ஏற்கெனவே யார் கீழே இருந்தார்களோ அவர்களை வீட்டுத் திட்டம் இன்னும் கீழே விட்டது. இதைப் பற்றி எங்கள் சமூகம் அதிகம் பேசுவதில்லை. வசதியாக இராது.

சட்டம் சரியாக யோசித்த இடமும் உண்டு. ஒருவர் காணியில் இன்னொருவர் பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் இருந்தால் அது அவருக்கே ஆகிவிடும் என்பது இலங்கையின் பழைய ஆட்சியுரிமைச் சட்டம். அதை அப்படியே விட்டால், 1990-இல் ஓடியவன் 2010-இல் வந்து கேட்க உரித்தில்லை. 2016-இன் 5-ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. ஆனால் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் மட்டுமே கொடுத்தது. சட்டத்தரணிக்குக் காசும் தகவலும் இல்லாத சனத்துக்கு இரண்டு வருடம் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

எதிரே அரசே நிற்கிற இடத்தில் இந்தச் சட்டமும் உதவாது. மன்னார் முசலியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முஸ்லிம்கள் இல்லாத இருபது வருடத்தில் ஊரைக் காடு மூடியது. 2012-இல் அரசின் வர்த்தமானி அந்தப் பக்கத்தைப் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவித்தது. திரும்பி வந்து துப்பரவு செய்தவர்கள் வில்பத்து தேசிய வனத்தை அழிக்கிறார்கள் என்று தெற்கில் கூச்சல் எழுந்தது. வலிகாமம் வடக்கில் 2013 ஏப்ரலில், இராணுவத்தின் கையிலிருந்த 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காரணத்தோடு. உரிமையாளர்கள் சில மைல் தள்ளி முகாமில் இருந்தார்கள். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். பிறகு 2015 முதல் துண்டு துண்டாகக் காணி விடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் திரும்பக் கிடைத்தது. பல இடங்களில் வீடு தரைமட்டம், எல்லைக் கல் இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. எது யாருடைய வளவு என்று வயதானவர்கள் கோயிலையும் பழைய மரங்களையும் வைத்துச் சொன்னார்கள். அவர்கள் உயிரோடு இருந்தபடியால் சொன்னார்கள்.

காணியைச் சனமே மீட்ட இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 சனவரி இறுதியில் விமானப்படை முகாமின் வாசலில் தறப்பாளை விரித்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் அங்கேயே படித்தார்கள், சமையல் அங்கேயே. மார்ச் 1 அன்று வாசல் திறந்தது.

மற்றது இரணைதீவு. பூநகரிக்குத் தென்மேற்கே இரட்டைத் தீவு. 1992-இல் வெளியேறிய மீனவக் குடும்பங்கள் எதிரே முழங்காவில் பக்கம் இரணைமாதா நகர் என்று பெயர் வைத்துக் குடியிருந்தார்கள். தீவில் கடற்படை. 2017 மே 1 முதல் ஏறத்தாழ ஒரு வருடம் கரையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார்கள். 2018 ஏப்ரல் 23 காலை, வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் ஏறி, யாரிடமும் அனுமதி கேட்காமல் தீவுக்குப் போனார்கள். கடற்படை தடுக்கவில்லை. இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போய்ச் செபமாலை மாதாவைக் கும்பிட்டார்கள். பிறகு பற்றை வெட்டினார்கள், கிணறு இறைத்தார்கள். மே மாதம் அரசு சம்மதம் சொன்னது.

வெளியிலிருந்து பார்த்தால் இவர்கள் செய்தது புத்திக்கு ஒவ்வாத காரியம். கரையில் வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி கிட்ட. தீவில் கூரையில்லாச் சுவர்களும் கைவிட்ட மாடுகளும்தான். ஆனால் கடலட்டையும் நண்டும் தீவைச் சுற்றித்தான். கரையிலிருந்து போய்வர எரிக்கிற மண்ணெண்ணெய்க் காசு தீவிலிருந்தால் மிஞ்சும். 2021 மார்ச்சில் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களைப் புதைக்க அரசு தேர்ந்தெடுத்த இடம் இதே தீவு. ஆளில்லாத நிலம் என்று கொழும்பில் இருந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். சனம் மறுபடி வெளியே வந்து நின்றது, புதைகுழி இடம் கிழக்கிலுள்ள ஓட்டமாவடிக்கு மாறியது.

இன்றைக்கும் பல குடும்பங்களுக்கு இரண்டு அடுப்பு. கிழமை நாட்களில் தாய் பிள்ளைகளோடு கரையில், தகப்பன் தீவில். பள்ளிக்கூடம் விட்டால் படகேறுவார்கள்.